பைன்ஹர்ஸ்டின் கோல்ஃபும் லெக்சிங்டனின் பன்றி இறைச்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான அமெரிக்கப் பயணக் கட்டுரையில், அங்கே சாப்பாடு என்றால் அளவுக்கு மீறிய பர்கர், கோல்ஃப் என்றால் வண்டியில் ஏறி ஊர்வலம் போவது என்று கட்டுரையாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். முப்பது ஆண்டுகளாக இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் குடியிருந்து, வார இறுதிகளில் கோல்ஃப் ஆடிவருபவன் என்ற முறையில், அதில் பாதியையாவது மறுக்க விரும்புகிறேன். கடந்த அக்டோபரில் ஆங்கிலேய நண்பர்கள் மூவருடன் வட கரோலினாவில் பத்து நாள் தங்கினேன். புறப்படும்போது எங்கள் எண்ணமும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருந்தது.

நாங்கள் தங்கிய பைன்ஹர்ஸ்ட், சோடா இயந்திரங்கள் செய்து பொருள் ஈட்டிய ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ் என்ற பாஸ்டன்காரர் 1895-இல் உருவாக்கிய ஊர். அங்குள்ள இரண்டாம் எண் மைதானத்தை வடிவமைத்து 1907-இல் ஆட்டத்துக்கு விட்ட டொனால்ட் ராஸோ, வட ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான டோர்னாக்கில் பிறந்து, செயின்ட் ஆண்ட்ரூஸில் புகழ்பெற்ற கோல்ஃப் வல்லுநரான ஓல்ட் டாம் மாரிஸிடம் தொழில் பழகி, 1899-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். இடையில் பச்சைக் கம்பளமாக மாறிப்போயிருந்த அம்மைதானத்தைப் பில் கோர், பென் கிரென்ஷா என்ற மைதான வடிவமைப்பாளர்கள் இருவரும் 2010, 2011 ஆண்டுகளில் சீரமைத்தபோது, நீர் பாய்ச்சி வளர்த்த புல்லை அகற்றிவிட்டுப் பழைய மணலையும் காட்டுப்புல்லையும் மீட்டுக் கொண்டுவந்தார்கள். கென்ட்டின் சாண்ட்விச் என்ற ஊரின் கடற்கரையில் மணல்மேடுகளுக்கு நடுவே ஆடிப் பழகிய எங்களுக்கு, கடலிலிருந்து வெகு தொலைவில் பைன் மரங்களுக்கிடையே அதே மணலைக் கண்டது வியப்பாக இருந்தது. அங்கே வண்டி தேவையில்லை. மட்டைப் பையைச் சுமந்து உடன்வரும் உதவியாளரான கேடியுடன் நடந்தே ஆடலாம், நடந்தேதான் ஆடினோம்.

குழியும் கொடியும் இருக்கும் கிரீன் என்ற புல்தரைகள் அங்கே கவிழ்த்து வைத்த தட்டைப் போல நடுவில் உயர்ந்து, நாலா பக்கமும் சரிகின்றன. கொடியிலிருந்து பத்தடிக்குள் விழுந்த என் பந்து, ஒரு கணம் நின்றுவிட்டு, யாரோ கூப்பிட்டதைப் போல மெல்லத் திரும்பி, விளிம்பைத் தாண்டிக் கீழே போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மேலே தட்டினேன், மறுபக்கம் இறங்கிவிட்டது. கேடி ஒன்றும் சொல்லவில்லை. கொடிக்கம்பைக் கையில் பிடித்தபடி நான் இந்தப் பக்கம் திரும்பி வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

கட்டுரையாளர் பக்கமும் நியாயம் உண்டு. பிறகு நாங்கள் ஆடிய வேறொரு மைதானத்தில் வண்டிக்கும் சேர்த்தே கட்டணம் வாங்கிக்கொண்டு, நடக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரில் பக்கி என்றும் அங்கே கார்ட் என்றும் அழைக்கப்படும் அந்த வண்டியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து முதுகு வலித்ததுதான் மிச்சம்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்களைத் தடுமாற வைத்தவை தெரிந்த சொற்களே. பிஸ்கட் என்றால் அங்கே சுடச்சுடப் பிளந்து, மிளகு போட்ட வெள்ளைக் குழம்பை ஊற்றித் தரும் மெத்தென்ற ரொட்டி. டீ கேட்ட நண்பருக்கு வந்தது, பனிக்கட்டி மிதக்கும் சர்க்கரைப் பாகு; குடிக்கக் குடிக்க நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். பைன்ட் என்ற அளவுகூட எங்களுடைய 568 மில்லிலிட்டர் அல்ல, 473 தான். கிரிட்ஸ் என்ற மக்காச்சோளக் கஞ்சி எனக்கு ரவைக் கஞ்சியை நினைவூட்டியது. அதில் சர்க்கரை அள்ளிப் போட்ட நண்பரைப் பரிமாறிய அம்மையார் பார்த்த பார்வையை அவர் இன்னும் மறக்கவில்லை.

பர்கரைத் தவிர எதுவும் இல்லை என்பவர்கள், பைன்ஹர்ஸ்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் காரில் சென்று அதே மாநிலத்து லெக்சிங்டனில் ஒருவேளை சாப்பிட வேண்டும். பன்றியின் தோள்பகுதியை ஹிக்கரி மரக் கரித்தணலில் மணிக்கணக்கில் வாட்டி, கொத்தி, வினிகரும் மிளகாயும் சிறிது தக்காளிச் சாறும் கலந்த நீர்த்த குழம்பை மேலே தெளித்துத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள அதே குழம்பில் புரட்டிய முட்டைக்கோசு, மக்காச்சோள மாவு உருண்டை வறுவல். அம்மாநிலத்தின் கிழக்குப் பகுதியினர் முழுப் பன்றியையும் வாட்டுவார்கள், தக்காளியைச் சேர்க்கவே மாட்டார்கள். இரு தரப்பாருக்கும் இதில் தீராத வழக்கு. விளிம்பில் கருகி மொறுமொறுப்பான துண்டுகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

கட்டுரையில் விடுபட்ட ஒன்றை உங்கள் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனைப் போல உணவுப் பட்டியலிலுள்ள விலைக்குள் வரி அடங்கியிருப்பதில்லை. விற்பனை வரியைப் பில்லில்தான் சேர்ப்பார்கள். அதற்கு மேல் 18 முதல் 20 விழுக்காடு வரை டிப்ஸ் வைப்பது வழக்கம். கடைசி இரவு ஓர் உணவகத்தில், டிப்ஸ் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் நாங்கள் இரண்டாம் முறையும் வைத்துவிட்டு வந்தோம். கையெழுத்துப் போடும் முன் பில்லின் கடைசி வரிகளைப் படித்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கென்ட், இங்கிலாந்து.