லாங் டிஸ்டன்ஸ் சைக்கிள்னு சொல்லி வித்துட்டு லாங் டிஸ்டன்ஸ் ஓட்டுனதால வாரண்டி இல்லன்னா எப்படி?

பெறுநர்: கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு
அனுப்புநர்: கும்பகோணத்துலேர்ந்து உங்க கஸ்டமர்
விஷயம்: பின் சக்கரத்துல போக்ஸ் கம்பி தொடர்ந்து ஒடையுறது, வாரண்டி மறுத்தது

வணக்கம்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இது வரைக்கும் நீங்க அனுப்புன எல்லா மெயில்லயும் டியர் சார்னு போட்டிருக்கீங்க. நான் சார் இல்ல, மேடம். போன்ல பேசுன உங்க ஆபீஸ் தம்பி வேற, சைக்கிள் உங்க பையனுக்கு வாங்குனதா மேடம்னு கேட்டாரு. எனக்குத்தான் வாங்குனேன், நான்தான் ஓட்டுறேன், கம்பி ஒடைஞ்சு நடுரோட்டுல நின்னதும் நான்தான்.

தை மாசம் உங்க வெப்சைட்ல 38,500 ரூபா கட்டி இந்த சைக்கிள வாங்குனேன். ஆனி மாசத்துலேர்ந்து பின் சக்கரத்துல கம்பி ஒடையுது. ஒண்ண மாத்துனா கொஞ்ச நாள்ல பக்கத்துல இன்னொண்ணு போவுது. எல்லாமே வலது பக்கம், அதாவது கியர் இருக்குற பக்கம், எல்லாமே சக்கரத்தோட மையத்துல இருக்குற ஹப்புல மாட்டுற அந்த வளைவுகிட்டதான் ஒடையுது, கம்பியோட நடுவுல ஒண்ணு கூட ஒடையல. பார்ட்ஸுக்கு ஒரு வருஷம் வாரண்டின்னு உங்க கார்டுலயே இருக்கு, அதனால சக்கரத்த மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். அதுக்கு நீங்க ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணமா சொல்லி முடியாதுன்னு எழுதிட்டீங்க. ஒரு காரணத்துக்கு நான் பதில் சொன்னா அத அப்படியே விட்டுட்டு அடுத்த காரணத்துக்குத் தாவிடுறீங்க, அதனால எல்லாத்துக்கும் சேத்து இதுலயே எழுதிடுறேன்.

நீங்க மொதல்ல சொன்ன காரணம், சைக்கிள வீட்டுல தப்பா மாட்டியிருக்கீங்கன்னு. பெட்டியில என்ன வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், இல்லன்னா உங்க குடோன்ல கேளுங்க. ஹேண்டில்பார், முன் சக்கரம், பெடல், சீட்டு இது நாலும்தான் தனியா வந்துச்சு, அத மட்டும்தான் உங்க வீடியோவப் பாத்து மாட்டுனேன். பின் சக்கரம் செயின், கியரோட ஃப்ரேம்லயே மாட்டித்தான் வந்துச்சு. நான் தொடாத சக்கரத்த நான் எப்படிங்க தப்பா மாட்ட முடியும்?

அடுத்தது, நான் அனுப்புன போட்டோவுல டயர்ல சேறு இருந்ததப் பாத்துட்டு கரடுமுரடான பாதையில, மலையில ஓட்டியிருக்கீங்க, வெயிட்டும் ஜாஸ்தி ஏத்தியிருக்கீங்கன்னு. மலையா? நீங்க ஒரு தடவ மேப்ப எடுத்துப் பாருங்க சார். எங்க ஊர்ல ஏத்தம்னா ஆத்துப் பாலம்தான். தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு போனா வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரின்னு அஞ்சு ஆத்தத் தாண்டணும், அந்தப் பாலங்கள்ல ஏறி எறங்குறதுதான் எங்களுக்கு மலையேத்தம். அந்தச் சேறு நடவு சீசன்ல டிராக்டர் வயல்லேர்ந்து அப்படியே தார் ரோட்டுக்கு ஏறி வழி முழுக்க கொட்டிட்டுப் போறது, டெல்டாவுல சைக்கிள் ஓட்டுற எல்லார் டயர்லயும் அது இருக்கும். வெயிட்டு, நான் 68 கிலோ, சீட்டுக்கு அடியில ஒரு சின்ன பை, ரெண்டு தண்ணி பாட்டில். உங்க மேனுவல்ல 110 கிலோ வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு. எங்க தெருவுக்கு வர்ற பால்காரர் பழைய இருவத்தெட்டு இஞ்ச் சைக்கிள்ல ரெண்டு பக்கமும் கேன மாட்டிக்கிட்டு வருசக்கணக்கா ஓட்றாரு, அவரு கம்பி ஒடைஞ்சு நின்னு நான் பாத்ததில்ல. அந்த மாடல்ல பின் சக்கரத்துக்கு 40 கம்பி, முன் சக்கரத்துக்கு 32. உங்களுதுல பின்னாடி 28தான். கம்மியா இருக்குறது தப்புன்னு நான் சொல்லல, கம்மியா வச்சா அத ஒழுங்கா கட்டணும், அவ்ளோதான்.

இப்ப கடைசியா சொல்லியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தக் கெடுத்தது. சைக்கிள அளவுக்கு மீறி தூரம் ஓட்டியிருக்கீங்க, இது சாதாரண உபயோகம் இல்ல, அதனால வாரண்டி வராதுன்னு. உங்க வெப்சைட்ல இந்த சைக்கிளுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு? லாங் டிஸ்டன்ஸ் ரைடுக்காகவே டிசைன் பண்ணதுன்னு. 200 கிலோமீட்டர் போறவங்களுக்கு ஏத்ததுன்னு கொட்ட எழுத்துல போட்டு, கடலோரமா ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே ஓட்டுற மாதிரி போட்டோவும் போட்டிருக்கீங்க. அந்த வரியப் படிச்சுத்தான் நான் வாங்குனதே. பக்கத்துத் தெரு கடைக்குப் போய் கறிவேப்பில வாங்குறதுக்கு எனக்கு 38,500 ரூபாயில சைக்கிள் எதுக்கு? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், இப்ப அந்த வரிய நீங்க தூக்கிட்டாலும் எங்கிட்ட இருக்கு.

ஏன் தூரம் ஓட்டுனேன்னும் சொல்லிடுறேன், உங்க ஆபீஸ்ல யாருக்கும் இது புரிஞ்ச மாதிரி தெரியல. இங்க ஒரு சைக்கிள் கிளப்ல சேந்து மொத தடவையா 200 கிலோமீட்டர் பிஆர்எம்முக்கு ரெடியாயிட்டு இருக்கேன். பிஆர்எம்ங்கிறது குறிச்ச நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கிற லாங் டிஸ்டன்ஸ் ரைடு, ரேஸ் இல்ல, யார் மொதல்ல வந்தான்னு யாரும் பாக்க மாட்டாங்க. பிரான்ஸ்ல இருக்குற ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வச்சிருக்குற ரூல் படி 200 கிலோமீட்டர 13 மணி 30 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். சாப்பாடு, டீ, பஞ்சர் எல்லாம் அதுக்குள்ளயே, வழியில கன்ட்ரோல்னு இருக்குற எடத்துல கார்டுல சீல் வாங்கிக்கிட்டே போகணும். கணக்குப் போட்டா மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி, கேக்க ஈசியாத்தான் இருக்கும். ஆனா பின்னாடியே காருல ஆள வச்சுக்கிட்டு வரக் கூடாது, வெளி உதவி வேணும்னா கன்ட்ரோல்லதான் வாங்கணும், நடுவுல எது ஒடைஞ்சாலும் நம்மளே பாத்துக்கணும். இதுலயே பெருசு பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1,200 கிலோமீட்டர் 90 மணி நேரத்துல. அதுக்கெல்லாம் நான் ஆசப்படல, எனக்கு இந்த 200 போதும்.

அதுக்கு கிளப்ல சொல்லிக் குடுத்த மாதிரி ஞாயித்துக்கெழமைல கொஞ்சம் கொஞ்சமா தூரத்த ஏத்திக்கிட்டு வந்தோம். மொதல்ல 40, அப்புறம் 60, 80ன்னு. பூம்புகார் போய்ட்டு திரும்புனா கிட்டத்தட்ட 120 வந்துடும். விடியக்காலை இருட்டுலயே கெளம்பிடுவோம், முன்னும் பின்னும் லைட்டு, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டு, பாக்கெட்ல கடலை மிட்டாயும் வாழைப்பழமும், பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்ட்டுடணும்னு எங்க கிளப் தம்பி ஒருத்தர் கத்திக்கிட்டே வருவாரு. மேடே இல்லாத ஊர்ல என்ன கஷ்டம்னு நெனப்பீங்க. மேடு இல்லன்னா எறக்கமும் இல்லங்க, காலு சும்மா இருந்து சைக்கிள் தானா உருள்ற நேரமே கெடயாது, கெளம்புன நிமிஷத்துலேர்ந்து மிதிச்சுக்கிட்டேதான் இருக்கணும். அது பத்தாதுன்னு காத்து. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றத நான் சும்மா ஒரு பேச்சுன்னுதான் நெனச்சிருந்தேன், மேற்கப் பாத்து கல்லணை வரைக்கும் மிதிச்சப்பதான் அது எவ்ளோ நெஜம்னு தெரிஞ்சுது.

அந்த கல்லணை ரைடுலதான் மறுபடியும் கம்பி போச்சு. கும்பகோணத்துலேர்ந்து சுவாமிமலை, கபிஸ்தலம், திருவையாறு வழியா காவேரியோரமா போயி, திருக்காட்டுப்பள்ளி தாண்டி கொஞ்ச தூரத்துல டிங்குனு ஒரு சத்தம், உடனே சக்கரம் ஆட ஆரம்பிச்சுது, ரிம்மு ஒவ்வொரு சுத்துக்கும் பிரேக் கட்டையில போய் ஒரசுது. மிதிச்சா நவுர மாட்டேங்குது. பின்னாடியே ஒரு டவுன் பஸ் ஹார்ன் அடிச்சுக்கிட்டு வருது, அந்த ரோட்டுல ஒதுங்க எடமும் ரொம்ப இல்ல. கூட வந்தவங்க எறங்கி ஒடைஞ்ச கம்பிய பக்கத்துக் கம்பியோட டேப்ப போட்டு சுத்திக் கட்டி, அக்கம்பக்கத்துக் கம்பிய இறுக்குற நிப்பிளக் கொஞ்சம் லூஸ் பண்ணி, பின் பிரேக்க தெறந்து விட்டாங்க. அதாவது பின் பிரேக்கே இல்லாம வீடு வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்தேன், கல்லணைய எட்டிக்கூடப் பாக்கல. அன்னைக்கு எதிர்ல ஒரு லாரி வந்திருந்தா இந்தக் கடிதத்த வேற யாராவதுதான் உங்களுக்கு எழுதியிருக்கணும்.

சக்கரம் ஏன் இப்படிப் பண்ணுதுன்னு எங்க ஊர் சைக்கிள் கடை அண்ணன்கிட்ட குடுத்துக் காட்டுனேன், நாப்பது வருசமா போக்ஸ் கம்பி கட்டிக்கிட்டு இருக்குறவரு. அவரு மெஷின் எதுவும் எடுக்கல. வெரலால ஒவ்வொரு கம்பியா சுண்டிக்கிட்டே வந்தாரு. ஒரே பக்கத்துக் கம்பியெல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் குடுக்கணுமாம். உங்க சக்கரத்துல ஒண்ணு கிண்ணுங்குது, அதுக்கு அடுத்தது தொள்ளுங்குது. தியாகராஜர் ஆராதனை நடக்குற ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு சுருதி சேராத சக்கரத்த எப்படிம்மா ஓட்டுறன்னு சிரிச்சாரு. கிளப்ல ஒருத்தர்கிட்ட டென்ஷன், அதாவது கம்பியோட இறுக்கம் பாக்குற மீட்டர் இருந்துச்சு, அதுலயும் பாத்தோம், அண்ணன் வெரலு சொன்னதையேதான் மீட்டரும் சொல்லுச்சு. ரீடிங் எல்லாத்தையும் எழுதி இதோட அட்டாச் பண்ணியிருக்கேன்.

நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர், அதனால இத கணக்காவே சொல்றேன். இந்த டயர் ஒரு சுத்து சுத்துனா சுமார் 2.1 மீட்டர். 200 கிலோமீட்டருக்கு 90 ஆயிரம் சுத்துக்கு மேல வரும். ஒவ்வொரு சுத்துலயும் ஒவ்வொரு கம்பியும் தரைப் பக்கம் வர்றப்ப கொஞ்சம் தளந்து, மேல போறப்ப மறுபடியும் இறுகும். எல்லாம் சரியான இறுக்கத்துல இருந்தா இது ஒரு விஷயமே இல்ல, லூஸா இருக்குற கம்பிதான் அந்த வளைவுல ஆடி ஆடி, ஒரு கம்பிய கையால முன்னும் பின்னும் மடக்கிக்கிட்டே இருந்தா ஒடையுமே அந்த மாதிரி களைச்சுப் போய் ஒடையும். பள்ளத்துல வேகமா விட்டதால வந்த கோளாறா இருந்தா பெரும்பாலும் ரிம்முல நெளிசல் இருக்கும். ரிம்ம அண்ணன் கழட்டியே பாத்துட்டாரு, ஒரு சொட்டை கூட இல்ல. ஆக இது ஃபேக்டரில சக்கரம் கட்டுனப்ப இறுக்கம் சரியா வைக்காத கோளாறு. நான் 20 கிலோமீட்டர் மட்டும் ஓட்டியிருந்தா இது வெளிய வர இன்னும் லேட்டாகியிருக்கும், வாரண்டி முடிஞ்சப்புறம் வந்திருக்கும், உங்களுக்கு அது வசதியா இருந்திருக்கும்.

சர்வீஸ் சென்டர் கதைய சுருக்கமா சொல்றேன். பக்கத்துல இருக்குறதே திருச்சிதான், அங்க கொண்டு போனா முழு சைக்கிளையும் ஒரிஜினல் அட்டைப்பெட்டியில போட்டுத்தான் எடுத்துக்குவோம்னாங்க. பெட்டிய பழைய பேப்பர்காரர்கிட்ட எப்பவோ போட்டாச்சு. எந்த வீட்டுலங்க அவ்ளோ பெரிய பெட்டிய வருசம் பூரா வச்சிருப்பாங்க?

இப்ப எனக்கு என்ன வேணும்னு தெளிவா எழுதுறேன். பின் சக்கரம் முழுசா புதுசு வேணும், ஹப், ரிம், கம்பி எல்லாம் சேத்து, டென்ஷன் செக் பண்ண ரீடிங்கோட. வெறும் நாலு கம்பிய மட்டும் கவர்ல போட்டு அனுப்புறதா இருந்தா வேணாம், மீதிக் கம்பியும் அதே மாதிரி களைச்சுப் போனதுதான். சக்கரம் ஸ்டாக் இல்லன்னா அதுக்கான பணத்தக் குடுங்க, நான் எங்க ஊர் சைக்கிள் கடை அண்ணன்கிட்டயே நல்ல சக்கரமா கட்டிக்கிட்டு பில்லு அனுப்புறேன். இது வரைக்கும் கம்பிக்கும் கூலிக்கும் நான் செலவழிச்சதோட பில்லும் அட்டாச்ல இருக்கு, 700 சைஸ் சக்கரத்துக்கான கம்பி கும்பகோணத்துல கெடைக்காம வெளியூர்லேர்ந்து வரவழைச்சது. அடுத்த பர்ச்சேஸுக்கு 500 ரூபா கூப்பன் தர்றேன்னு எழுதியிருந்தீங்க, அது வேணாம்.

பிஆர்எம் அடுத்த மாசக் கடைசில, பணம் கட்டி பேர் குடுத்தாச்சு. புது சக்கரம் வந்தாலும் அதுல ஒரு நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பாக்காம நான் 200க்குப் போக மாட்டேன், அதனால இந்தக் கடிதம் கெடைச்சு 15 நாளுக்குள்ள எழுத்துல பதில் வேணும். வரலன்னா 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணுவேன், அதுக்கும் அசையலன்னா தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்க ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும் நான் குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், அஞ்சு லட்சத்துக்குள்ள இருக்குற பொருளுக்கு ஃபீஸும் கெடயாது. மெரட்டுறதா நெனச்சுக்காதீங்க, நாள மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பில், வாரண்டி கார்டு, ஒடைஞ்ச கம்பிங்களோட க்ளோசப் போட்டோ, டென்ஷன் ரீடிங், உங்க விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட், உங்க பழைய மெயில் எல்லாம் இணைச்சிருக்கேன். ஒடைஞ்ச கம்பிங்க ஒண்ணு விடாம எங்கிட்டயே இருக்கு, உங்க டெக்னிக்கல் ஆளுங்க பாக்கணும்னா கூரியர்ல அனுப்புறேன், கூரியர் செலவு உங்களோடது. போன்ல பேசணும்னா சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல கூப்பிடுங்க, பகல்ல கிளாஸ்ல இருப்பேன், எடுக்க முடியாது. என்ன பேசுனாலும் அத மெயில்லயும் எழுதிப் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்,
கும்பகோணம்