பொன்னுருவி வேடம் கட்டிய அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை இரவு தர்மபுரியில் எங்கள் கலையரங்கத்தில் கர்ண மோட்சம் கூத்து விடிய விடிய நடக்கப்போகிறது என்னும் செய்தி, இந்தக் கடிதத்துக்கு முன்பே ஓசூர் வந்து சேர்ந்திருக்கும். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளை ஒட்டித்தான் அந்த இரவைக் குறித்தேன். உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் நாள் குறித்ததற்கு மன்னியுங்கள். ஆனால் கேட்பதற்கு நீங்கள் தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும், நான் சொல்லியனுப்பியவர்களிடமாவது ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். தனியாக எழுதவேண்டியதை நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கும் அதுவே காரணம். அப்பாவின் கூத்துச் சபாவில் இருந்தவர்களும் நம் ஊர்க்காரர்களும் உங்கள் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறேன். ஆகையால் பணத்தைப் பற்றியும், வேடப்பெட்டி யார் வீட்டில் இருக்கவேண்டும் என்று எழுந்த பேச்சைப் பற்றியும் இங்கே எதுவும் சொல்லமாட்டேன்.

ஐப்பசி முதல் மார்கழி வரை அரங்கத்தின் நிகழ்ச்சிகளை வகுக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது. ஏன் இந்த மூன்று மாதங்கள் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், உங்களுக்கே தெரியும். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் பென்னாகரம் பக்கமும் பாலக்கோடு பக்கமும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிற காலத்தில் இந்த அரங்கில் கூத்து என்று ஒரு நாளும் வைக்கமாட்டேன் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்ல, இரவில் களரியில், அதாவது கூத்து ஆடும் திடலில், அதே கதையை வேடம் கட்டி ஆட, கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் கிடத்திய துரியோதனன் மேல் பீமன் ஏறி நிற்கிற அந்த வெட்டவெளியோடு எந்தக் கட்டடமும் போட்டியிடக் கூடாது. மழையும் பனியுமாகக் களரி ஓய்ந்துகிடக்கிற மாதங்களில், மிருதங்கம் வாசிப்பவர் கட்டட வேலைக்கும் முகவீணை ஊதுகிறவர் மண்டி மூட்டைக்கும் போகிற மாதங்களில், அவர்களுக்கு ஒரு கூரையும் ஒரு கூலியும் கிடைக்கட்டும் என்பதே என் எண்ணம்.

முதல் நிகழ்ச்சி வேடியப்பன் கற்களைப் பற்றிய படக்காட்சி உரை. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனைக் கல்லில் செதுக்கி, பேரும் ஊரும் வட்டெழுத்தில் வெட்டி நிறுத்தி, பிறகு பெயர் மறந்துபோனாலும் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிட்டு வரும் மண் நம்முடையது. கர்ணன் களத்தில் விழுவதை விடியும்வரை கண் அயராமல் பார்க்கிற கூட்டம் இங்கே ஏன் உருவாயிற்று என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் அதுதான். அடுத்த வாரங்களில் பம்பையும் உடுக்கையும் சிலம்பும் வாசிக்கும் குழு ஒன்று வருகிறது, தோல்பாவைக்கூத்து ஓர் இரவு இருக்கிறது, நடவு நடும் பெண்கள் பாடும் பாட்டுக்கு ஒரு மாலை ஒதுக்கியிருக்கிறேன். மார்கழிக் கடைசியில் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஒரு சிறு கூத்து. இவையெல்லாம் இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்குபவை. அடங்காததும் அடக்கக்கூடாததும் கர்ண மோட்சம் ஒன்றுதான்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குக் கூத்து ஆடமுடியாது என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது சரியான பேச்சு, நானும் அதையே நினைத்திருந்தேன். அதனால் அன்றிரவு நாற்காலிகளை அப்புறப்படுத்துகிறோம். மேடையைப் பயன்படுத்தப்போவதில்லை. தரையிலேயே களரி, மூன்று பக்கமும் பாய், நான்காவது பக்கம் பின்பாட்டும் வாத்தியமும். கிரானைட் போட்ட தரை சலங்கைக் காலுக்கு வழுக்கும் என்பதால் களரி அளவுக்கு மரப்பலகை அடிக்கச் சொல்லி ஆசாரியிடம் முன்பணம் கொடுத்தாயிற்று. வெட்டவெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்கவேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழாவுக்கென்று அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு 12 மணி வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. 18 நாள் பாரதத்தை 15 நாளுக்குள் எப்படி நடத்துவது? ஒவ்வோர் ஆண்டும் அனுமதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு அப்பா வாசல் வாசலாக நின்றதை நீங்கள் கூட நின்று பார்த்திருக்கிறீர்கள். அதே விதியில், ஒலி உள்ளேயே அடங்குகிற மூடிய அரங்குகளுக்கு விலக்கு இருக்கிறது. கூத்தை நான்கு சுவருக்குள் கொண்டுபோய்ச் சுருக்கிவிட்டாள் என்று என்மேல் குறை சொல்கிறவர்கள், இப்போதைக்கு விடியும்வரை யாரிடமும் கையேந்தாமல் ஒரு முழுக் கூத்து ஆடுவதற்கு இந்த நான்கு சுவர்தான் இடம் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இனி, நான் எழுதத் தொடங்கியதற்குக் காரணமான அந்த இரவுக்கு வருகிறேன்.

அப்பாவின் கருமாதி இரவில் நீங்கள் பாட்டை நிறுத்திய இடம் எது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பாலக்கோட்டிலிருந்து வந்தவர் கர்ணன் கட்டியிருந்தார். அப்பாவின் கிரீடம், அப்பாவின் புஜக்கட்டை, அப்பாவின் மார்புப் பதக்கம், ஆனால் உள்ளே வேறொருவர். நீங்கள் அன்று காலையிலேயே மீசையை மழித்துவிட்டு வந்து, அம்மா எடுத்துக்கொடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, எப்போதும்போலக் கர்ணன் மனைவி பொன்னுருவியாக எதிரில் நின்றீர்கள். கர்ணன் போருக்கு விடைகேட்கும் கட்டத்தில் விருத்தத்தின் முதலடியைப் பாடினீர்கள். இரண்டாவது அடிக்கு வாய் திறந்தீர்கள், குரல் வரவில்லை. முகவீணைக்காரர் சுருதியை இழுத்துப் பிடித்தபடி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிருதங்கத்தில் கை எழும்பி அப்படியே நின்றது. பின்பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏனென்றால் அவர்களும் எதிரில் இருந்த வேடத்தைப் பார்த்துவிட்டிருந்தார்கள்.

அப்போது நான் பாடினேன்.

பெண்கள் பக்கத்தில், அம்மாவின் தோளில் ஒரு கையை வைத்தபடி, உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினேன். இதுவரை உங்களுக்குத் தெரிந்தது. நான் அதை யோசித்துச் செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. தாழ்வாரத்தில் அப்பா உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இரவுகளிலெல்லாம் சுவருக்கு இந்தப்பக்கம் அடுப்படியில் நிலக்கடலை உரித்துக்கொண்டே ஒவ்வோர் அடியையும் நானும் வாங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் தாளம் தப்பும்போதெல்லாம் அப்பா கட்டையால் திண்ணையைத் தட்டுவதற்கு முன்பாக என் விரல் முறத்தில் சரியாகத் தட்டியிருக்கும். அந்த இரண்டாவது அடி உங்கள் வாயில் நின்றபோது அது என் வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நீங்களும் திரும்பினீர்கள். வேடத்தோடு இருக்கிற ஒருவர் களரிக்கு வெளியே இருப்பவரைப் பெயர் அறிந்து பார்க்கக்கூடாது என்பது அப்பா உங்களுக்குச் சொன்ன முதல் பாடம். அன்று பொன்னுருவியாக இல்லாமல் நீங்களாகவே என்னைப் பார்த்தீர்கள், அதன்பிறகு மூன்றாவது அடியை எடுத்தீர்கள். கூத்து விடியும்வரை நடந்தது. குந்தி கர்ணனை மடியில் கிடத்திப் புலம்பும்போது ஊரே அழுதது. நான் அழவில்லை, உங்கள் பார்வையின் பொருள் என்னவென்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்தீர்கள். சலங்கையை அவிழ்த்துப் பெட்டியில் வைத்தீர்கள். அம்மாவிடம் வருகிறேன் என்றீர்கள். அதற்குப்பின் எந்தக் களரியிலும் உங்கள் கால் படவில்லை.

உங்களை அவமானப்படுத்தவே நான் பாடினேன் என்று பேசிக்கொண்டவர்கள் உண்டு. பங்காளிகள் அம்மாவிடம் வந்து கேட்டதை இங்கே எழுதமுடியாது. உங்கள் மனம் நொந்திருந்தால் அதற்காக உங்களிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்பேன். பாடியதற்காகக் கேட்கமாட்டேன். அப்பாவுக்காக நடந்த கூத்து, அப்பா கட்டிக்கொடுத்த பாட்டின் நடுவில் அறுந்துபோவதை நான் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா? உங்களைக் காப்பாற்றத்தான் பாடினேன் என்று சொல்லலாம். அதில் பாதி உண்மை. மறுபாதி, எனக்கும் தெரியும் என்று ஒருமுறையாவது அப்பாவுக்குக் கேட்கவேண்டும் என்ற ஆசை. கேட்க அவர் இல்லாத பிறகு.

அண்ணா, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்களுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா முதல் உருண்டையை உங்கள் தட்டில் போட்ட பிறகுதான் எனக்குப் போடுவாள், களரியில் நின்று ஆடவேண்டிய பிள்ளை என்பாள். அதில் எனக்கு ஒருபோதும் வருத்தம் இருந்ததில்லை. திருவிழாவுக்குப் போய்வரும்போதெல்லாம் எனக்கு வளையல் வாங்கி வந்தது நீங்கள்தான், அப்பா அல்ல. காய்ச்சலில் கிடந்த என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் காரிமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நீங்கள்தான். உங்களுக்குக் கலைச் சுடர்மணி விருது கிடைக்கவேண்டும் என்று நடுங்குகிற கையால் அப்பா விண்ணப்பம் எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்தியது நான். இவ்வளவையும் கையில் வாங்கிக்கொண்டு, அவர் போன பதினாறாம் நாள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனம் வந்தது? திட்டு வாங்கியாவது கற்றுக்கொள்ளும் இடம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர் நீங்கள். பிழைப்புக்காகப் போனீர்கள் என்றால் நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆறு மாத வருமானத்தில் காலம் தள்ள முடியாது என்பது கூத்துக்காரர் வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா? கம்பெனி வேலையை விடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. வருஷத்தில் ஓர் இரவைக் கேட்கிறேன்.

பொன்னுருவி வேடத்தை இந்த முறை நான் கட்டப்போகிறேன். இதை இந்த ஊரில் முதலில் அறியவேண்டியவர் நீங்கள், அதனால் உங்களுக்கு எழுதும் கடிதத்திலேயே சொல்கிறேன். பொம்பளை களரியில் இறங்குவதா என்று கேட்கப்போகிறவர்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண்பிள்ளைகள் பையன்களோடு சேர்ந்து கற்று ஆடினார்கள், வானம் ஒன்றும் இடிந்துவிடவில்லை. மிருதங்கம் வாசிக்கும் மாமா எனக்கு அடவு சொல்லித்தர ஒப்புக்கொண்டார், அம்மா ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு மறுநாள் அந்த அரக்குச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

கர்ணன் நீங்கள் கட்டவேண்டும். பெண்வேடக்காரனுக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் அணிகிற கட்டைவேடம் பொருந்தாது என்று நீங்கள் சொல்வீர்கள். இத்தனை ஆண்டுகள் அப்பாவுக்கு எதிரில் ஓரடி தூரத்தில் நின்றவர் நீங்கள். அவர் எந்த அடியில் மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லில் கிரீடத்தைத் தொடுவார், சல்லியனோடு தர்க்கம் முற்றும்போது எந்தக் காலை முன்வைப்பார் என்பது உங்களைத் தவிர இந்த மாவட்டத்தில் யாருக்குத் தெரியும்? பாலக்கோட்டுக்காரர் நல்ல நடிகர், அவரைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர் தம்முடைய கர்ணனை ஆடுகிறார். எனக்கு அப்பாவின் கர்ணன் வேண்டும். அது உங்கள் உடம்பில் இருக்கிறது, அதை நீங்கள் ஓசூரில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். புஜக்கட்டையில் உதிர்ந்திருந்த கண்ணாடித் துண்டுகளை எல்லாம் திரும்ப ஒட்டியாயிற்று. கல்யாணமுருங்கைக் கட்டை பூச்சி அரிக்காமல் நன்றாகவே இருக்கிறது.

துண்டறிக்கை ஐப்பசி பாதிக்குள் அச்சுக்குப் போகிறது. வேடதாரிகள் பெயரில் கர்ணனுக்கு எதிரே இன்னும் எழுதவில்லை. உங்களுக்கு எந்த வாரம் இரவு ஷிப்டு என்று தெரிந்தால் ஒத்திகையை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மாற்றிவைக்கலாம், மிருதங்க மாமாவும் முகவீணைக்காரரும் அதற்குச் சம்மதித்துவிட்டார்கள். முறைப்படி வெற்றிலை பாக்கு வைத்துப் பேச அம்மாவோடு உங்கள் வீட்டுக்கு வரவும் தயாராக இருக்கிறேன், வரலாம் என்று சொன்னால் போதும். நீங்கள் வராவிட்டால் பாலக்கோட்டுக்காரரைக் கேட்பேன், அவர் எதிரில் நின்று பாடுவேன், கூத்து நடக்கும். நீங்கள் வருவதாக அம்மாவிடம் நான் சொல்லவில்லை, வரமாட்டீர்கள் என்றும் சொல்லவில்லை. எனக்குப் பதில் எழுத மனமில்லை என்றால் அம்மாவுக்குப் பேசுங்கள்.

உங்கள் தங்கை