முக்கி எடுக்கும் வேலை

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபிக்காதே. அம்மாவுக்கு முட்டி வலி அதிகம் என்பதால் லீவு போட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். நம் ரப்பர்த் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை, இடித்துவிட்டார்கள். காலையில் ஆள் கணக்குப் பார்க்கப் பெரட்டு எடுத்த இடத்தில் இப்போது செம்பனை.

'கண்ணாடித் துண்டை முக்கி முக்கி எடுப்பதற்கா உனக்குச் சம்பளம்?' என்று கேட்டிருந்தாய். ஆமாம், அதற்குத்தான்! கண்ணாடிமேல் அடுக்கடுக்காக மெல்லிய படலம் வளர்க்கிறேன். நேர்மின்னூட்டப் பாலிமர் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு) கரைசலில் முக்க வேண்டும், அலச வேண்டும். பிறகு எதிர்மின்னூட்டப் பாலிமரில் முக்கி, மறுபடி அலச வேண்டும். 1990களின் தொடக்கத்தில் வேதியியலாளர் கெரோ டெக்கர் வளர்த்தெடுத்த முறை இது. புதிதாக ஒட்டும் அடுக்கு, கீழே இருக்கும் மின்னூட்டத்தைச் சரிக்கட்டியதோடு நிற்காது, கொஞ்சம் மிஞ்சிப் போய்ப் பரப்பின் மின்னூட்டக் குறியையே மாற்றிவிடும். அடுத்த அடுக்கு ஒட்டுவதே அந்த மிச்சத்தால்தான்.

உன் அப்பா ஸ்டோரில் ரப்பர்ப் பாலில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவதை வேடிக்கை பார்ப்போமே, அங்கேயும் மின்னூட்டம்தான். ரப்பர்த் துளிகள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். ஆசிட் அதைக் குறைத்ததும் பால் உறைந்துவிடும்.

இது தெரிந்தும் நான் ஏமாந்தேன். மின்னூட்டம் கூடினால் படலம் தடிக்கும் என்று நம்பி, இரண்டு கரைசல்களின் பிஎச்சையும் 7.5இல் வைத்து ஒரு மாதம் முக்கினேன். அடுக்குக்கு ஒரு நானோமீட்டர்கூடத் தேறவில்லை. முழு மின்னூட்டம் ஏறிய சங்கிலி தன்னைத்தானே தள்ளிக்கொண்டு விறைத்து, பரப்பில் தட்டையாகப் படுத்துவிடுகிறது. குறியை மாற்றக் கொஞ்சம் சரக்கே போதும். என் எதிர்மின்னூட்டப் பாலிமரான பாலிஅக்ரிலிக் அமிலத்தின் கரைசலை மட்டும் 5க்கு இறக்கினேன். மின்னூட்டம் குறைந்து, பாதி விறைப்பு போய்ச் சங்கிலி சுருண்டு வளையம் வளையமாக நின்றது. அதே மின்னூட்டத்தை ஈடுகட்ட நிறையச் சங்கிலி தேவைப்பட்டது. அடுக்குகள் பல நானோமீட்டர் தடித்தன. அதற்காக ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆகாது, பிடிமானம் போய்ப் படலமே வளராது. பிஎச்சுக்கு மசியாத பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் போன்றவற்றுக்கு, அந்தத் தள்ளலைத் தணிக்க உப்பைத்தான் போட வேண்டும், சாதாரணச் சோற்று உப்பு!

அப்புறம், தீபாவளிக்கு வருகிறாயா? வந்தால் உன் அம்மா பூச்செடி வைத்திருக்கும் பழைய ரப்பர்ப் பால் மங்கில் (மரத்தில் கட்டும் கிண்ணத்தில்) ஒன்று கொண்டு வா. என் மேசையில் பேனா போட்டு வைக்க வேண்டும்.

அன்புடன்,
கதிர்