எங்கள் செய்திகளின் திறப்பைக் கேட்காதீர்கள்: யாழ் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

நீங்கள் ஆறு பேரும் ஒரே கட்சிக்காரர் இல்லை. ஆனாலும் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கான திருத்தமும், பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாகப் பேசப்படுகிற சட்டமும் சபைக்கு வருகிற நாளில் ஆறு பேருக்கும் வாக்கு உண்டு. அந்த நாளுக்கு முன்னர் ஒரு விஷயத்தை உங்கள் காதில் போட்டுவைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். வட்ஸ்அப் போன்ற செயலிகளில், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் செய்தியைப் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தை உடைக்கவோ சுற்றிப்போகவோ வழிவிடும் எந்த வாசகத்துக்கும் நீங்கள் சம்மதிக்கக்கூடாது. மக்களின் பாதுகாப்புக்காக என்று சொல்லிக்கொண்டுதான் அது வரும். அப்படி வந்தாலும் கூடாது.

நான் யாழ் நகரில் கைபேசி திருத்தும் கடை நடத்துகிறேன். உடைந்த கண்ணாடி மாற்றவும் பற்றரி மாற்றவும் வருகிறவர்களோடு, "தம்பி, என்ர வட்ஸ்அப்பை ஆரோ எடுத்திட்டாங்கள்" என்று பதறிக்கொண்டு வருகிறவர்களும் இப்போது கூடிவிட்டார்கள். இது எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் கிட்ட நின்று பார்க்கவேண்டும். கோயில் நிருவாக சபைக் குழுவில் இருக்கும் ஒருவருடைய இலக்கத்திலிருந்து ஓர் அம்மாவுக்குச் செய்தி வரும்: "அக்கா, எனக்கு வரவேண்டிய கோட் ஒண்டு தவறுதலா உங்கட நம்பருக்கு வந்திட்டுது, ஒருக்கா அனுப்பி விடுங்கோ." தெரிந்த பெயர், தெரிந்த படம். அம்மாவின் குறுஞ்செய்திப் பெட்டியில் உண்மையிலேயே ஆறு இலக்கம் வந்து கிடக்கும். அனுப்பிவிடுவார். அடுத்த நிமிடமே அவருடைய வட்ஸ்அப் வேறு எவனோ ஒருவனின் கைபேசிக்குப் போய்விடும். கோயில்காரரின் கணக்கும் அதற்கு முன்னரே அப்படித்தான் பறிபோயிருக்கும். பிறகு ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்கும் சூரிச்சில் இருக்கும் மருமகனுக்கும் அம்மாவின் பெயரில் செய்தி போகும்: "அவசரம், உடனே காசு தேவைப்படுது, இந்த எக்கவுண்டுக்குப் போட்டுவிடு." வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் சீவியம் நடத்துகிற குடும்பங்களுக்கு இது எவ்வளவு பொருத்தமான பொறி என்று சொல்லத் தேவையில்லை.

இதில் உங்களுக்குச் சொல்லவேண்டியது இரண்டு. கள்ளன் மறைகுறியாக்கத்தை உடைத்துக்கொண்டு வரவில்லை. ஆளை ஏமாற்றி, ஆளின் கையாலேயே இலக்கத்தை வாங்கிக்கொண்டு வந்தான். அடுத்தது, புதுக் கைபேசியில் கணக்கைப் பதிந்துகொண்டாலும் அந்த அம்மாவின் பழைய உரையாடல்கள் அவன் கைக்குப் போகாது. அவை நிறுவனத்தின் கணினியில் குவிந்து கிடப்பதில்லை. அம்மாவின் கைபேசியிலும், அவர் காப்புப் பிரதி எடுத்து வைத்திருந்தால் அங்கும்தான் இருக்கும். மகளின் கல்யாணப் பேச்சு, வைத்தியசாலை அறிக்கைப் படங்கள், காணி உறுதியின் படம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அதற்குள்ளே. வட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லோருக்கும் கொண்டுவந்த மறைகுறியாக்கத்தில், செய்தியைத் திறக்கும் திறப்பு அனுப்புகிறவரின் சாதனத்திலும் பெறுகிறவரின் சாதனத்திலும் மட்டுமே இருக்கிறது. கணக்கு களவு போன அன்றைக்கும் அந்த அம்மாவின் மானத்தைக் காப்பாற்றியது அதுதான்.

பொலிசுக்கு வேலை இல்லையா, குற்றவாளிகளும் இதே செயலியில்தானே கதைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாள்வெட்டுக்கும் ஐஸ் போதைப்பொருள் வியாபாரத்துக்கும் ஆள் சேர்ப்பது கைபேசியில்தான் நடக்கிறது. சிறு பிள்ளைகளிடம் படம் வாங்கி மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கவேண்டும், இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் அவர்களைப் பிடிக்க வேண்டிய தடயம் ஏற்கெனவே வெளியில் கிடக்கிறது. மிரட்டப்பட்ட பிள்ளையின் கைபேசியில், அழிக்கப்படாவிட்டால், ஒவ்வொரு செய்தியும் அப்படியே இருக்கும். அதை முறையிடும் வசதி செயலிக்குள்ளேயே உண்டு. எந்த இலக்கம், எப்போது, எந்த இணைய முகவரியிலிருந்து என்பவற்றை நீதிமன்றக் கட்டளையோடு நிறுவனத்திடம் கேட்கலாம். மோசடிப் பணம் போய் விழுவது பெரும்பாலும் இங்குள்ள ஒரு வங்கிக் கணக்கில். அந்தக் கணக்கும் அதோடு ஓடும் சிம்மும் ஒரு தேசிய அடையாள அட்டையின் பேரில்தான் எடுக்கப்பட்டிருக்கும். கடைக்கு வந்த ஒரு குடும்பம் இந்த விவரங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு முறைப்பாடு கொடுக்கப் போனது. இங்கே செய்ய ஏலாது, கொழும்புக்குப் போங்கோ என்று திருப்பி அனுப்பினார்கள். நானூறு கிலோமீற்றர். அவர்கள் போகவில்லை. அந்தக் கணக்கிலிருந்த பணம் அதற்குள் எடுபட்டிருக்கும்.

மறைகுறியாக்கத்தில் அரசுக்கு மட்டும் ஒரு வழி விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு நாடுகளின் அனுபவத்தைச் சொல்கிறேன். கிரேக்கத்தில் 2004, 2005 ஆண்டுகளில் பிரதமர் உட்பட நூறுக்கு மேற்பட்டவர்களின் கைபேசிகள் மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்கப்பட்டன. கேட்டவர்கள் பயன்படுத்தியது, சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகங்களில் இருந்த மென்பொருளையே. இருபது வருடம் கழித்து அமெரிக்காவில், சோல்ட் டைபூன் என்று பெயரிடப்பட்ட சீன ஊடுருவல் குழு அங்குள்ள பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்றக் கட்டளைப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்புகள் வரைக்கும் போய்விட்டது. அதன் பின்னர், 2024 டிசம்பரில், அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எப்.பி.ஐ.யின் அதிகாரிகளே தங்கள் மக்களை மறைகுறியாக்கப்பட்ட செயலிகளில் கதைக்கச் சொன்னார்கள். நெடுங்காலம் மறைகுறியாக்கத்தைக் குறை சொல்லிவந்த அமைப்பு அது. அவ்வளவு பணமும் ஆட்பலமும் உள்ள நாட்டால் காக்க முடியாத வழியை இலங்கை காத்துவிடும் என்று உங்களில் யாராவது நம்புகிறீர்களா?

இந்தியா வேறொரு வழியால் வந்தது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில், செய்தியைப் படிக்கமாட்டோம், முதலில் அனுப்பியவர் யார் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அதைச் சொல்லவேண்டுமென்றால் எல்லோருடைய எல்லாச் செய்திக்கும் அடையாளம் போட்டு வைக்கவேண்டும். மறைகுறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டே போகவேண்டி வரும் என்று வட்ஸ்அப் 2024 ஏப்ரலில் டில்லி மேல் நீதிமன்றத்தில் சொன்னது. கொழும்பில் சட்டம் வரைகிறவர்கள் பக்கத்து நாட்டைப் பார்த்து எழுதுவது புதிதல்ல. ஆகவே அந்த வாசகம் எங்கள் வரைவுக்குள் வந்துவிடாமல் கவனமாகப் பாருங்கள்.

இனி யாழ்ப்பாணத்தின் கதை. இதை நீங்கள் சபையில் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. நாங்கள் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி வளர்ந்தவர்கள். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் நினைவேந்தல் படம் பகிர்ந்ததற்குக் கைது நடக்கிறது. 2024 நவம்பரிலும் நடந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டால் முதலில் கேட்பது கைபேசியை. அதைத் திறந்து கொடுத்தால் ஒருவருடைய செய்தி மட்டுமா போகிறது? அவர் இருக்கிற ஒவ்வொரு குழுவிலும் உள்ள அத்தனை பேருடைய பேச்சும் போகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிற தாய்மார் தங்கள் குழுவில் என்ன கதைக்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்தியாளருக்குத் தகவல் கொடுக்கிற ஓர் அரச ஊழியர் எதை நம்பிக் கொடுக்கிறார்? 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து இன்னும் நடைமுறையில் இருக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்கிற எங்களிடம், இந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று சொன்னால் எப்படி நம்புவது?

செயலிகளை மொத்தமாக முடக்குவதும் பாதுகாப்பு என்ற பெயரில்தான் நடந்தது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகன வன்முறையின்போது, 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், மறுபடி 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போது. முடக்கியதும் பெடியள், முடக்கத்தைச் சுற்றிப்போக உதவும் இலவச வீபிஎன் செயலிகளைத் தேடித் தேடி இறக்கினார்கள். அவற்றை நடத்துவது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இணையப் போக்குவரத்து முழுவதும் அவர்கள் ஊடாகப் போனது. பாதுகாப்பு கூடியதா குறைந்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.

செயலி நிறுவனங்களுக்காக நான் வாதாடவில்லை. அவர்களும் எங்களைப் பற்றிச் சேர்த்து வைத்திருப்பது கொஞ்சமல்ல: யாரோடு, எப்போது, எங்கிருந்து என்பது அவர்களுக்குத் தெரியும். டெலிகிராமில் சாதாரண உரையாடல் முனைக்கு முனை மறைகுறியாக்கப்படுவதே இல்லை, இரகசிய உரையாடல் என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு. இங்கே ரியூசன் குழுக்கள் நடத்துகிற ஆசிரியர்களில் பலருக்கு இது தெரியாது. இவற்றைக் கேள்வி கேட்கத்தான் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் நிறைவேறி வருடங்கள் போயும் எங்கள் தெருவில் அதன் நிழல்கூட விழவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். திருத்தச் சட்டத்தில் ஒரு பிரிவு வேண்டும்: முனைக்கு முனை மறைகுறியாக்கத்தைப் பலவீனப்படுத்தும்படியோ, அனுப்புமுன் செய்திகளை வருடிப் பார்க்கும்படியோ எந்த நிறுவனத்துக்கும் கட்டளையிட முடியாது என்று வெளிப்படையாக எழுதிய பிரிவு. நீதவானின் எழுத்துக் கட்டளை இல்லாமல் ஒருவருடைய கைபேசியைத் திறக்கச் சொல்ல முடியாது என்பதையும் எழுதுங்கள். பயங்கரவாதச் சட்டத்தின் பேரிலும் அதற்கு விலக்கு இருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்திலேயே, தமிழிலேயே, இணைய மோசடி முறைப்பாட்டை ஏற்றுப் பணம் போன வங்கிக் கணக்கை அன்றைக்கே முடக்கக்கூடிய ஓர் அலுவலகத்தையும் பெற்றுத் தாருங்கள். இந்த மூன்றாவதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது. வரவு செலவுத் திட்ட விவாதத்தில் எழுந்து கேட்டாலே போதும்.

வரைவு கையில் கிடைத்ததும் மறைகுறியாக்கம் பற்றிய பகுதியில் உங்கள் நிலைப்பாடு என்ன என்பதை, வாக்கெடுப்புக்கு முன்னரே, ஒவ்வொருவரும் எழுத்தில் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
யாழ் நகரில் கைபேசி திருத்தும் ஒரு வாக்காளர்