மீனாவின் பெயரில் ஒரு நம்பர் பிளேட்

கிராய்டன்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. லெஸ்டரில் வீடு அமைந்துவிட்டது, மீனாவும் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பழைய வண்டி ஒன்றும் வாங்கிவிட்டாய். அதற்கு மகள் பெயராக வாசிக்கும் நம்பர் போடலாமா, இங்கிலாந்துக்காரர்கள் அதை மட்டமாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறாய்.

நினைப்பவர்கள் உண்டு. பெயர் நம்பர் போட்ட வண்டியைப் பார்த்ததும் "பகட்டுக்காரன்" என்று முடிவு கட்டுபவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மகள் பெயரை வண்டியில் பார்க்க ஆசைப்படுவதால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. வாங்கிய எண்ணைப் பிறர் படிக்க முடியாதபடி பிளேட்டில் அடிப்பதுதான் குற்றம். எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் தேடிப் பொறுக்கி எடு. எழுத்தின் வடிவத்தையும் இடைவெளியையும் மட்டும் தொடாதே.

நம் ஊரில் ஃபேன்சி நம்பர் என்றால் 9999, 0007, இல்லாவிட்டால் கூட்டுத்தொகை பார்த்து எடுப்பது. இங்கே கதை வேறு, எண்ணும் எழுத்தும் சேர்ந்து ஒரு பெயராக வாசிக்க வேண்டும். 2001 செப்டம்பரில் வந்த இன்றைய முறையில் முதல் இரண்டு எழுத்து வட்டாரம், அடுத்த இரண்டு இலக்கம் வயது, கடைசி மூன்று எழுத்து வரிசைக்கு. வயதைக் காட்டும் இலக்கம் ஆண்டுக்கு இருமுறை மாறும். மார்ச் 1 அன்று அந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். செப்டம்பர் 1 அன்று அதோடு 50 கூட்டிய எண். உன் வண்டியில் 67 இருக்கிறது என்றாய், அப்படியானால் அது 2017 செப்டம்பருக்கும் 2018 பிப்ரவரிக்கும் நடுவில் பதிவானது. எதிரே வருகிறவர் யாரும் உன் வண்டிக்கு எத்தனை வயது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். பலர் தனி நம்பர் வாங்குவதே இந்த வயதை மறைக்கத்தான். அவர்களுக்கு வட அயர்லாந்து எண்கள் பிடிக்கும். அவற்றில் வயது அடையாளமே கிடையாது, ஐ அல்லது இசட் ஏதாவது ஒரு எழுத்து இருக்கும். இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். வண்டி வாங்குகிறவர் அரசு இணையதளத்தில் எண்ணைத் தட்டினாலே வண்டியின் ஆண்டுத் தகுதிச் சோதனையான எம்ஓடியின் பழைய முடிவுகளும் ஒவ்வொரு சோதனையிலும் ஓடியிருந்த மைலும் இலவசமாகத் தெரிந்துவிடும்.

விதி ஒன்று முக்கியம். வண்டியை அதன் உண்மையான வயதைவிடப் புதிதாகக் காட்டும் எண்ணைப் போட முடியாது. உன் 67 வண்டிக்கு 18 போட்ட எண் கிடையாது. பழையதாகக் காட்டலாம், அதற்குத் தடையில்லை. வயது உறுதியாகத் தெரியாததால் க்யூ எழுத்தில் தொடங்கும் எண் பெற்ற வண்டிகளுக்கு இந்த மாற்றமே கிடையாது, உனக்கு அது பொருந்தாது.

மீனாவுக்கு வருவோம். 1983 ஆகஸ்ட் முதல் 2001 ஆகஸ்ட் வரை எண்கள் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஒன்று முதல் மூன்று இலக்கம், பிறகு மூன்று எழுத்து என்று வந்தன. எம்மில் தொடங்குபவை 1994 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு உரியவை, உன் வண்டிக்குத் தாராளமாகப் பொருந்தும். எம், பிறகு 33, பிறகு என், ஏ, கடைசியில் ஏதாவது ஓர் எழுத்து. இரண்டு 3 இரண்டு ஆங்கில 'இ' போலத் தெரியும். அந்தக் கடைசி எழுத்துக்கு உன் இனிஷியல் எஸ் கிடைத்தால் அழகாக இருக்கும். இப்படித்தான் இங்கே 4 ஏ ஆகிறது, 5 எஸ் ஆகிறது, 8 பி ஆகிறது. பிளேட்டுக்கான எழுத்துருவில் 0-வும் ஓ-வும் ஒரே வடிவம், 1-உம் ஐ-யும் ஒரே வடிவம் என்பதால் அவற்றுக்குத் தந்திரமே வேண்டாம்.

சட்டம் மீறப்படுவதும் இதே இடத்தில்தான். சட்டப்படி எம்33 ஒரு தொகுதி, மீதி மூன்று எழுத்து இன்னொரு தொகுதி, நடுவே 33 மில்லிமீட்டர் இடைவெளி. பெயர் சேர்ந்து தெரியட்டும் என்று அந்த இடைவெளியை எடுத்துவிட்டு, கடைசி எழுத்தை மட்டும் தள்ளி அடித்துத் தருவதாகச் சில கடைகள் சொல்லும். "ஷோ பிளேட்" என்று பெயர் வைத்து விற்பார்கள். ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது செல்லாது. எழுத்து உயரம் 79 மி.மீ., அகலம் 50, கோட்டின் தடிமன் 14, எழுத்துக்கு எழுத்து 11, நான்கு பக்க ஓரமும் குறைந்தது 11. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். 2021 செப்டம்பருக்குப் பிறகு பொருத்தும் பிளேட்டில் எழுத்து முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும், இரண்டு நிறச் சாயல் கலந்த எழுத்து கூடாது. கீழே பிஎஸ் ஏயு 145இ என்ற தர எண்ணும், அதைத் தந்த கடையின் பெயரும் அஞ்சல் குறியீடும் இருக்க வேண்டும். '4டி' என்று விற்கும் மேலெழும்பிய எழுத்துகூட இந்த அளவுகளுக்குள் இருந்தால் தவறில்லை. மீறினால் 1,000 பவுண்ட் வரை அபராதம், எம்ஓடி சோதனையில் தோல்வி. அதற்கும் மேலே, அந்த எண்ணையே டிவிஎல்ஏ, அதாவது வண்டிப் பதிவு செய்யும் அரசு அலுவலகம், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நீ பணம் கொடுத்து வாங்குவது எண்ணைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும்தான், எண் என்றைக்கும் அரசுடையது.

திருகாணி மூடியும் அப்படித்தான். 3-இன் வாயை அடைத்து 8 ஆக்கும் கறுப்பு மூடி வேண்டாம். முன்னால் வெள்ளை மூடி, பின்னால் மஞ்சள் மூடி.

எண்ணை எங்கே வாங்குவது? முதலில் டிவிஎல்ஏ தளத்திலேயே தேடு. அங்கே 250 பவுண்டிலிருந்து தொடங்கும், வாட் வரியும் 80 பவுண்ட் மாற்றுக் கட்டணமும் அதிலேயே அடக்கம். தரகர்களிடம் போனால் வாட்டும் மாற்றுக் கட்டணமும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கார்டைக் கொடு. "இது முதலீடு, விலை ஏறும்" என்ற பேச்சை நம்பாதே. 25 ஓ என்ற எண் 2014 ஏலத்தில் கட்டணங்களோடு 5,18,480 பவுண்டுக்குப் போனது உண்மை, ஆனால் அது ஃபெராரி 250-க்காகப் போட்டி போட்டு எடுத்தது. ஒரு குழந்தையின் பெயரோடு அப்பாவின் இனிஷியலும் ஒட்டியிருக்கும் எண்ணை இன்னொருவர் அதே ஆசையோடு தேடி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆசைக்கு வாங்கு, அந்தப் பணம் செலவானது என்றே கணக்கில் எழுதிவிடு.

இன்னொன்றையும் வீட்டில் பேசி முடிவெடு. பெயர் நம்பர் எளிதில் மனதில் பதியும். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் வண்டியில் குழந்தையின் பெயர் எழுதியிருப்பது சில பெற்றோருக்குப் பிடிப்பதில்லை. அந்தத் தயக்கம் நியாயமானது.

வாங்கினால் வி750 என்ற உரிமைச் சான்றிதழ் வரும், 10 ஆண்டு செல்லும். காலாவதியாகும் முன் புதுப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும். வண்டியின் லாக் புக், அதாவது வி5சி, உன் பெயரில் வந்து சேரும் வரை பொறு. வண்டி வாங்கும்போது கையில் தரும் பச்சைச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆன்லைனில் மாற்ற முடியாது. இங்கேதான் பலர் வரிசையை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். ஆன்லைனில் பொத்தானை அழுத்திய நொடியே வண்டியின் எண் மாறிவிடும். பழைய பிளேட்டோடு அதன்பிறகு ரோட்டுக்கு வரக் கூடாது. ஆகவே முதலில் வி750-ஐயும் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற கடைக்குப் போய்ப் பிளேட்டை அடித்து வீட்டில் வைத்துக்கொள். இந்த இரண்டையும் கேட்காமல் அடித்துத் தரும் கடையை நம்பாதே. பிறகு ஒரு நாள் காலையில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து சொல், வி750 எண்ணையும் வி5சி-யின் 11 இலக்க ஆவண எண்ணையும் போட்டு மாற்று, அன்றைக்கே பிளேட்டைப் பொருத்து.

ஒட்டுப் பட்டையால் பொருத்துவதானால் பழைய பசையை முழுக்கச் சுரண்டி, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலரவிடு. குளிரில் பசை பிடிக்காது, வெயில் நாளாகப் பார். திருகாணி என்றால் முறுக்க மட்டும் முடியும், எளிதில் கழற்ற முடியாத ஒருவழித் தலை உள்ளதை வாங்கு. பிளேட்டைக் கழற்றிப் போய் வேறு வண்டியில் மாட்டிப் பெட்ரோல் திருடுவதும் கேமராவை ஏய்ப்பதும் இங்கே நடக்கிறது. பின் பிளேட்டுக்கு மேலே எரியும் சின்ன விளக்கையும் அப்போதே பார்த்துவிடு.

வண்டி வரியும் எம்ஓடியும் தாமாகவே புது எண்ணுக்கு வந்துவிடும். மற்றதெல்லாம் உன் வேலை. காப்பீடு, குடியிருப்போர் பார்க்கிங் பெர்மிட், பார்க்கிங் ஆப், லண்டன் நெரிசல் கட்டணத்துக்கும் யூலெஸ் என்ற புகைக் கட்டணத்துக்கும் வைத்திருக்கும் ஆட்டோ பே கணக்கு, டார்ட்ஃபர்ட் பாலச் சுங்கக் கணக்கு. இவற்றில் ஒன்றை விட்டால் போதும், நீ பணம் கட்டியிருந்தும் அபராத நோட்டீஸ் வரும். கார் பார்க் இயந்திரத்தில் எண்ணைத் தட்டும்போது ஓ-வா பூஜ்யமா என்று குழம்பித் தவறாகத் தட்டுவதும் பெயர் நம்பர்காரர்களுக்கு வழக்கமான தொல்லை. லாக் புக்கில் இருப்பதைப் பார்த்து அப்படியே தட்டு, சீட்டைத் தூக்கி எறியாதே.

நோட்டீஸ் வந்தால் தலைப்பைப் படி. கவுன்சில் அனுப்புவது 'பெனால்டி சார்ஜ்', தனியார் நிறுத்துமிடம் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ்'. பிசிஎன் என்ற சுருக்கம் இரண்டுக்கும் ஒன்றே. கவுன்சில் பார்க்கிங் நோட்டீஸை 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. போகாத ஊரிலிருந்து வந்தால், யாரோ உன் எண்ணை நகல் எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கலாம். பணம் கட்டாதே, படத்தைக் கேட்டு வாங்கு, உன் வண்டியின் நிறம், கீறல், சக்கர வடிவம் எது பொருந்தவில்லை என்று காட்டி எழுது, போலீசுக்கும் டிவிஎல்ஏவுக்கும் தெரிவி. பிளேட்டில் விளையாடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அவர்கள் கேமராவை ஏய்த்தால் அந்த அபராதக் கடிதம் எழுத்து ஒன்று மாறி வேறொரு வீட்டுக் கதவிடுக்கில் வந்து விழுகிறது.

எம்1 மோட்டார்வேயில் பின்னால் ஒட்டிக்கொண்டே வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். சடாரென்று பிரேக்கைத் தொட்டுப் பயமுறுத்தாதே. ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு உன் முன்னால் உள்ள இடைவெளியைக் கூட்டு. அப்போது நீ நிதானமாக நிறுத்தலாம், பின்னால் இருப்பவருக்கும் நேரம் கிடைக்கும். இடது லேன் காலியானதும் நகர்ந்து வழிவிடு. உன் பங்குக்கு இரண்டு நொடி விதி: முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணு, முடிக்கும் முன் நீ அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருக்கமாகப் போகிறாய். மழையில் நான்கு நொடி.

இடது லேன் காலியாக இருக்க நடு லேனிலேயே மைல் கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் எனக்கு அதைவிடப் பெரிய தொல்லை. மூன்று லேன் ரோட்டை ஒரே ஆள் இரண்டாக்கிவிடுகிறார். 2013-லிருந்து அதற்கும், பின்னால் ஒட்டி ஓட்டுவதற்கும், 100 பவுண்டும் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளியும் போடப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. அடுத்தது மழையிலேயே பின் ஃபாக் லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது. 100 மீட்டருக்கு அப்பால் தெரியாதபோது மட்டுமே அதைப் போடலாம். மற்ற நேரத்தில் கண் கூசும், பக்கத்திலேயே எரியும் பிரேக் விளக்கு தெரியாமல் போகும். டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் அதன் குறி எரிகிறதா என்று பார்த்துக்கொள், முன் ஃபாக் லைட்டுக்குப் பச்சை.

கையில் போனை எடுத்தால் 200 பவுண்டும் 6 புள்ளியும். நம் ஊர் உரிமத்தில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குள் இங்கே தேர்வு எழுதிப் பாஸ் செய். பாஸான முதல் இரண்டு ஆண்டில் 6 புள்ளி சேர்ந்தால் உரிமம் ரத்து, மறுபடியும் பழகுநருக்கான எல் பிளேட்டில் இருந்து தொடங்க வேண்டும். ஒரே ஒரு தடவை போனைத் தொட்டாலே அந்த 6 வந்துவிடும்.

கடைசியாக, வண்டியை விற்கும்போது. மாற்றுக் கட்டணம் போல இன்னொரு 80 பவுண்ட் கட்டி எண்ணை முதலில் கழற்றி வைத்துக்கொள், வி778 என்ற காகிதம் வரும், வண்டிக்கு வழக்கமாகப் பழைய எண்ணே திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். மறந்து விற்றால் எண்ணும் வண்டியோடு வாங்கியவருக்குப் போய்விடும். விபத்தில் வண்டி தேறாது என்று காப்பீட்டுக்காரர் சொன்னாலும் பணம் வாங்குவதற்கு முன், எண்ணை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுத்தில் கொடு.

பிளேட் அடித்து வந்ததும் வண்டியில் மாட்டுவதற்கு முன் மேலே ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. இடைவெளி 33 இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். மீனாவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமு