‘ஒரு’வை எடுத்துவிட்டேன், அக்கா

அன்புள்ள அக்கா,

நாம் அந்த மொழிபெயர்ப்பைப் பாதியில் விட்டு இன்றோடு ஒரு வருஷம். கையெழுத்துப் படியை உங்களுக்கே அனுப்பிவிடுவது என்று நேற்று முடிவெடுத்தேன். கதையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வரி: அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் நாவல் ‘ஆஸ் ஐ லே டையிங்’, 1930, தாய் சாகிறாள், அவள் கேட்டுக்கொண்டபடி அவளுடைய ஆட்களோடு புதைக்கக் குடும்பமே சவப்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறது. 59 பகுதிகள், 15 பேர் சொல்கிறார்கள்.

அன்று நடந்தது முழுவதையும் இங்கே எழுதமாட்டேன். பலர் படிக்கும் இடம். பென்சிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவளுடைய கடைசி மகன், சின்னவன் வர்டமனின் ஒற்றை வரிப் பகுதி. ‘என் அம்மா ஒரு மீன்’ என்று எழுதியிருந்தேன். நீங்கள் ஒன்றும் பேசாமல் ‘ஒரு’வின் மேல் கோடு போட்டீர்கள். நான் அழித்தேன். திரும்பப் போட்டீர்கள். காகிதம் கிழியும்வரை போனது.

உங்கள் வாதம் எனக்கு இப்போதுதான் முழுசாகப் பிடிபடுகிறது. அந்த ‘ஒரு’ தமிழிலிருந்து வந்ததல்ல, ஆங்கிலத்தின் நிழல். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் வினைச்சொல். ஆங்கில வரியின் பாரமெல்லாம் ‘இஸ்’ என்ற சொல்லில் இருக்கிறது. பின்னால் அண்ணன் டார்ல் அவனிடம் சொல்கிறானே: எனக்கு அம்மா என்று ஒருத்தி இருந்தால் அது ‘வாஸ்’, ‘வாஸ்’ என்றால் அது ‘இஸ்’ ஆக முடியாது என்று. மரணத்தை அந்தக் குடும்பம் இலக்கணமாகத்தான் பேசிக்கொள்கிறது. தமிழில் அந்த இடத்தில் வினையே வேண்டாம். வைத்தாலோ ‘இருக்கிறாள்’, ‘இருக்கிறது’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அவள் உயர்திணையா அஃறிணையா என்று நாம் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பையன் இன்னும் சொல்லாத தீர்ப்பு. ‘என் அம்மா மீன்’ என்றால் அந்தக் கேள்வி திறந்தே கிடக்கிறது. நீங்கள் சொன்னது சரி.

ஆனால் என் பயமும் பொய்யில்லை. ‘அம்மா மீன்’ என்பதை, குஞ்சு பொரித்த மீன் என்று ஒருவர் வாசித்துவிட்டால்? தனிப் பக்கத்தில் நிற்கும் வரி, பக்கத்துணை கிடையாது. அவன் பிடித்த மீனும் அது வெட்டுப்பட்டதும் முன்பே வந்துவிடுவதால் யாரும் அப்படி வாசிக்கமாட்டார்கள் என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோடு மட்டும் போட்டீர்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டியது வேறொன்றுக்கு. தொழுவத்து இருட்டில் குதிரையைப் பார்க்கும் பகுதியில் அதே பையன் திடீரென்று, அதன் முழுமை கலைந்து தொடர்பற்ற கூறுகளாகச் சிதறுவதாக நினைக்கிறான். நீங்கள் ‘முழுமை’, ‘கூறுகள்’ என்று அப்படியே வைத்தீர்கள். நான் உங்களுக்குத் தெரியாமல் ‘குதிரை துண்டு துண்டாப் போச்சு’ என்று மாற்றினேன். சின்னப் பையன் எழுத்துத் தமிழில் யோசிப்பானா என்று கேட்டேன். தவறான கேள்வி. இந்த நாவலில் வாய் பேசுவதும் மனம் பேசுவதும் ஒரே மொழி அல்ல. வாயைத் திறந்தால் அவன் பண்ணைப் பையன். உள்ளே ஓடும் நடை அவனுக்குத் தெரிந்த சொற்களால் ஆனதல்ல, அவன் உணர்வதற்கு ஆசிரியர் கொடுத்த சொற்கள். பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு இடைவெளி வைத்திருக்கும் நம் மொழிக்கு இது கொடுப்பினை என்று நீங்கள் சொன்னீர்கள்: மேற்கோள் குறிக்குள் பேச்சு, வெளியே எழுத்து. அதை நான் தட்டையாக்கினேன். தட்டையாக்கினால் பாத்திரம் வெறும் வட்டார வழக்கு ஆகிவிடும். 15 பேரும் ஒரே ஆள் மாதிரிக் கேட்பார்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அட்டை எழுதச் சொன்னதும் நீங்கள்தான். யார் சொல்கிறார், எந்தக் காலத்தில், அப்போது எங்கே நிற்கிறார், பார்த்ததா கேட்டதா. அந்த நான்கு கேள்விதான் டார்லைக் காட்டிக்கொடுத்தது. 59இல் 19 அவனுடையவை, அழகாகப் பேசுகிறவனும் அவனே, அதனால் வாசகர் அவனை நம்பிவிடுகிறார். தாய் சாகும் காட்சியைச் சொல்வதும் அவன்தான். ஆனால் ‘எங்கே நிற்கிறார்’ என்ற வரிசையில் பார்த்தால், மூன்று டாலர் கூலிக்குத் தம்பி ஜூவலோடு மரம் ஏற்றப் போயிருக்கிறான். நடுவே சாய்வெழுத்தில் வரும் துண்டுகள்தான் அவன் உடம்பு உண்மையில் இருக்கும் இடம். தமிழ் அச்சில் சாய்வெழுத்து கண்ணை உறுத்தும், அதை உள்தள்ளிய பத்தியாக்குவோம் என்றீர்கள். ஆக்கிவிட்டேன். கடைசிப் பகுதியில் அவன் தன்னையே ‘டார்ல்’ என்று படர்க்கையில் சொல்லும்போது இது முன்பே தொடங்கிய பிளவு என்று தெரிய வேண்டுமானால், இந்த இடம் பிசகக் கூடாது.

ஜூவலுக்கு ஒரே பகுதி. தாய்க்கும் ஒன்றே, அதுவும் செத்து வெகுநேரம் கழித்து, ஆற்றைக் கடந்தபின். அவள் வாக்கியத்துக்கு நடுவே விட்ட வெற்றிடத்தைப் புள்ளிகளால் நிரப்பாதீர்கள். அச்சகத்துக்கும் தனியாகச் சொல்லிவிடுங்கள், பிழை என்று நினைத்து மூடிவிடுவார்கள்.

எல்லாத் தவறும் என்னுடையது என்று ஊர் பேசுவதால் இதையும் எழுதுகிறேன். சவப்பெட்டி செய்யும் மூத்த மகன் காஷைக் கெடுத்தது நீங்கள். பெட்டியின் பலகைகளை ஏன் சாய்வாக வெட்டினான் என்பதற்கு அவன் தரும் 13 குறிப்புகளில் ஆறாவது ஒரே சொல்: ‘ஆனால்.’ எட்டாவது முழு வாக்கியம்கூட இல்லை. நீங்கள் ஆறாவதை ‘ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு’ என்று நிரப்பினீர்கள், எட்டாவதற்கு ‘ஏனெனில்’ சேர்த்தீர்கள். தச்சன் அளவில் தடுமாறமாட்டான். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாய் என்றால் 28 அடி 4½ அங்குலம், ஏறத்தாழ, என்பான். தாயின் உடம்பு எண் போட்ட பட்டியலுக்குள் வரும் இடத்தில்தான் தடுமாறுகிறான். அந்த அரைகுறைச் சொல்தான் அவன் அழுகை. அதற்கு இலக்கணம் கற்பித்துவிட்டீர்கள். இதைச் சொன்னதற்குத்தானே நான் திமிர் பிடித்தவன் ஆனேன்?

அவன் சொல்லும் கடைசிப் பகுதியை உங்களைப்போல் யாரும் தமிழாக்க முடியாது. புது இசைத்தட்டு வரும்போதெல்லாம், குளிர்காலத்தில் கேட்டபடி உட்கார்ந்திருக்கையில், டார்லும் இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொள்வதாகச் சொல்கிறானே, அங்கே ‘நினைத்தேன்’ வேண்டாம், ‘நினைத்துக்கொள்வேன்’ என்று போட்டீர்கள். அந்த ஒரு சொல்லால்தான் இவன் பயணம் முடிந்து வெகுநாள் கழித்துச் சொல்கிறான் என்பது தெரிகிறது. அந்தப் பக்கத்தில் நான் கை வைக்கவில்லை.

கட்டு இந்த வாரம் வரும். ‘ஒரு’வை எடுத்துவிட்டேன். குதிரையைப் பழையபடி உங்கள் சொற்களுக்கே திருப்பிவிட்டேன். ஆறாவது குறிப்பு மட்டும் ‘ஆனால்.’ என்று நிற்கிறது, முற்றுப்புள்ளியோடு. அதன்மேல் கோடு போட்டால் இந்த முறையும் அழிப்பேன்.

அன்புடன்,
தம்பி