நான்கு பிள்ளைகளுக்கு எதற்குச் சதவீதம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிராமத்துச் சின்னப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியவில்லை என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அது பொய் என்று சொல்ல நான் வரவில்லை. கிராமப் பிள்ளைகள் எவ்வளவு படிக்கிறார்கள் என்று பார்க்கிற அசர் (ASER) ஆய்வில், 2022-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 5 சதவீதம்கூட இல்லை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தது ஒரு காரணம் என்றாலும், 2018-லும் நிலைமை ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஆனால் அந்த ஆய்வுக்காரர்கள் வீட்டுக்கே போய், தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளையும் சேர்த்துத்தான் படிக்க வைத்துப் பார்க்கிறார்கள். பேச்சு என்று வரும்போது மட்டும் அது எப்படியோ அரசுப் பள்ளியின் தலையில் வந்து விடிகிறது.

எனக்குச் செஞ்சிப் பக்கம் ஒரு கிராமம். என் மகள் இங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காவது படிக்கிறாள். மொத்தம் 23 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு, அதனால் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஒரு டீச்சர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் இன்னொருவர் ஐந்து வகுப்பையும் ஒரே வராண்டாவில் உட்கார வைத்துச் சமாளிக்கிறார், நடுவில் கல்வித்துறையின் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு போட சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்கு ஓடுகிறார்.

அந்த 23 பேர் யார் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. 14 பேர் காலனிப் பிள்ளைகள். ஐந்து பேர் ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள், அந்த வீடுகளில் பள்ளிக்கூடம் போகிற முதல் தலைமுறையே இவர்கள்தான். மிச்சம் நான்கு பேர் ஊர்த்தெரு, நான்கும் பெண் பிள்ளைகள். அவர்களுடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் காலையில் மஞ்சள் வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியம் போகிறார்கள். ஒளிப்பானேன், என் மகனும் அந்த வேனில்தான் போகிறான். வீட்டில் பெரிய சண்டை போட்டும் என்னால் அதை மாற்ற முடியவில்லை, "பொண்ணு எங்க படிச்சா என்ன" என்று என் மாமியார் சொன்னதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை.

நான் பள்ளியில் படித்த காலத்தில் இதே கட்டடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தோம், ஊரும் காலனியும் ஒரே பெஞ்சில் இல்லாவிட்டாலும் ஒரே அறையிலாவது இருந்தோம். இப்போது வேன் வந்து பள்ளியை ஜாதிப்படி பிரித்துவிட்டது. இதற்கு ஒரு சட்டமும் போடவில்லை, ஒரு சண்டையும் நடக்கவில்லை, கட்டணம் கட்ட முடிந்தவர்கள் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் செங்கல் சூளை. தைப் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் சூளைக்குக் கிளம்பிவிடுவார்கள், முன்பணம் வாங்கியாயிற்று, போகாமல் இருக்க முடியாது. திரும்பி வர ஆனி ஆகிவிடும். ஆக, ஆண்டுக் கடைசியில் என்ன படித்தார்கள் என்று பார்க்கிற நேரத்தில் அந்தப் பிள்ளைகள் மண் குழைக்கிற இடத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். போன வருடம் மூன்றாம் வகுப்பில் இருந்தது நான்கே பேர். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தர அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்களே, அதில் இரண்டு பேர் மேல் நிலையான மலர், ஒருவன் மொட்டு, ஒருத்தி சூளையில். இப்போது எங்கள் பள்ளியின் தேர்ச்சி 50 சதவீதமா, 67 சதவீதமா? அடுத்த வருடம் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு சேர்ந்தால் அதே டீச்சர், அதே கரும்பலகை, 100 சதவீதம். நான்கு பேருக்குச் சதவீதம் போட்டுப் பக்கத்து ஊரோடு ஒப்பிடுவது சரியான கூத்து.

காலை உணவுத் திட்டம் வந்த பிறகு வருகை கூடியிருப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அவர்கள் திரும்புவது ஆறாம் வகுப்பில்தான். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-இல் வந்தது, அடுத்த வருடம் பொறியியலுக்கும் வந்தது, புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். எல்லாமே ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்று வந்தவை. நல்ல திட்டங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பெற்றோர் கணக்குப் போடாமல் இருப்பார்களா? ஐந்தாவது வரை வேன், ஆறாவதில் பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி. அஸ்திவாரம் போடுகிற தொடக்கப் பள்ளிக்கு மட்டும் இதில் ஒரு பங்கும் கிடையாது. இனி ஒன்றாம் வகுப்பில் சேருகிறவர்களுக்காவது, ஒன்றிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவருக்கு முன்னுரிமை என்று அரசு சொல்லிப் பார்க்கட்டும், இரண்டே வருடத்தில் எங்கள் பள்ளியில் பெஞ்சு பத்தாது.

ஒரு சின்ன வேடிக்கை. 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு 20 உறுப்பினர், அதில் 15 பேர் பெற்றோர் என்றார்கள். எங்கள் பள்ளியில் மொத்தம் 17 குடும்பம், அதில் நான்கு சூளையில். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாக்களை வழியில் நிறுத்திக் கையெழுத்து வாங்கித்தான் குழுவே உருவாயிற்று, நானும் அப்படி மாட்டியவள்தான்.

ஆகவே, அடுத்த முறை இப்படி ஒரு செய்தி போடும்போது மொத்தப் பிள்ளைகள் எத்தனை, அவர்கள் யார், எந்த மாதத்தில் எடுத்த கணக்கு என்ற மூன்றையும் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். நிருபர் நேரில் வருவதாக இருந்தால் காலை எட்டே காலுக்குள் வரச் சொல்லுங்கள். பள்ளி வாசலில் பிள்ளைகள் பொங்கலுக்குத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் எதிரே வேன் வந்து நிற்கும், இரண்டையும் ஒரே படத்தில் எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவியின் தாய்,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.